காரமடைக்கு ஒரு மெட்டல் டிடெக்டர்

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி தாண்டி.

ஈரோட்டுக்குப் பிறகு ஜன்னலில் வெயிலின் குணம் மாறியது. ஈரம் வற்றிய, மெலிந்த வெயில். கடலுக்கு அப்பால் எங்கள் ஈப்போவில் எந்த மாதத்திலும் கிடைக்காதது. அதைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டே வந்து கோவை எக்ஸ்பிரஸிலிருந்து கோயமுத்தூர் ஜங்ஷனில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடைமேடை முடிகிற இடத்தில் மேசை போட்டுப் போலீஸார் நின்றிருந்தார்கள். அது 1999, தை மாதம். நகரத்தில் குண்டுகள் வெடித்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. இறங்குகிற ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம்.

என் தோளில் தொங்கிய நீளப் பைக்குள், மூன்று துண்டாகக் கழற்றிய மெட்டல் டிடெக்டர் இருந்தது.

போலீஸ்காரர் ஒருவர் கையிலிருந்த சிறிய கருவியை என் பையின் மேல் ஓட்டினார். அது வீறிட்டது. எனக்குப் பின்னால் நின்ற வரிசை இரண்டடி தள்ளிப்போனது.

"என்னங்க இது?"

"மெட்டல் டிடெக்டர்."

"இதுதானுங்க மெட்டல் டிடெக்டர்." தன் கையிலிருந்ததை உயர்த்திக் காட்டினார். "உள்ள இருக்கறது என்னன்னு கேக்கறேன்."

முக்கால் மணி நேரம் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். வட்டத் தகட்டையும் குழாயையும் மேசைமேல் பரப்பி, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்தார்கள். என்னைக் காப்பாற்றியது பாஸ்போர்ட்டில் முந்தின நாள் விழுந்திருந்த முத்திரை. சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டு, கருவியின் பெயரையும் எண்ணையும் அதில் எழுதிக் கொடுத்திருந்தார். கொண்டுவந்ததைத் திரும்பிப் போகும்போது கொண்டுபோயே ஆகவேண்டும். விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ கூடாது. கோட்டை, பழைய கோயில் பக்கம் எடுத்துப் போகவே கூடாது. மண்ணுக்குள் புதையல் ஏதாவது கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "நூறு வருசத்துக்கு மேல பழைய சட்டம் சார், இன்னும் உயிரோட இருக்கு" என்று சிரித்தார். நான் மண்ணைத் தோண்ட வரவில்லை, பருத்தியைச் சோதிக்க வந்தேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

உண்மை அதுதான். ஈயச் சுரங்கங்கள் கைவிட்டுப்போன மணல்மேடுகளில் சும்மா நடக்கப் பிடிக்காமல் வாங்கிய கருவி அது. நடப்பேன், அது முனகும், குனிவேன். ஒரு மூடி, ஒரு திருகாணி, என்றைக்காவது ஒரு பழைய காசு. அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுவேன் என்று நினைத்ததில்லை. பதினோரு வருடம் முன்பு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த என் தங்கை தேவகி போனில் அழைத்தாள். "அண்ணே, உங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கே, அதை எடுத்துக்கிட்டு வாங்க. மில்லுல தீப்பிடிச்சிருச்சு. ஒரு மனுசனை உள்ள வைக்கப் பாக்கறாங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

மாலை நான்கு மணி.

என்னை மீட்டுப்போக வந்தவர் தேவகியின் கணவர் சென்னியப்பன். காரமடைக்குக் கிழக்கே நான்கு கிலோமீட்டரில் அவருக்கு ஒரு ஜின்னிங் மில். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கி அனுப்புகிற சின்ன ஆலை. ஸ்டேஷனிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் சாலையில் மாருதி வேன் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் குருடிமலை, மடித்துவைத்த கம்பளிபோல. துடியலூரைத் தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார்.

"யூசுப்புனு ஒரு டிரைவருங்க, மச்சான். உக்கடத்துக்காரன். வெளியில வாங்கற பருத்தியெல்லாம் அவன் லாரியிலதான் வரும். தீப்புடிச்ச அன்னிக்குக் காத்தால அவன் லோடை எந்திரத்துல ஓட்டிட்டு இருந்தோம். மதியம் தீ. உருளையில ஒரு வெட்டு விழுந்திருக்குது. ஏதோ உலோகம் உள்ள போயிருக்குதுன்னு தீயணைப்புக்காரங்க சொல்லிப்போட்டாங்க."

"அதுக்கு அவர் என்ன செய்வார்?"

"அதுக்கு மொதநாள், லோடு எறக்கறதுக்கு நேரமாச்சுன்னு எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. 'இருங்க, பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான். அதைப் போலீசுல சொன்னேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் பேரைத்தான் சொன்னனுங்க. மீதியை அவங்களே சேத்துக்கிட்டாங்க."

எட்டு நாளாக யூசுப் காலையில் காவல் நிலையத்துக்குப் போய் உட்காருகிறார். மாலையில் அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை வழக்கு எழுதப்போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடத்தில், இந்த நகரத்தில், அந்தப் பெயருக்கு எதிராக 'நாசவேலை' என்று எழுதப்பட்டால் அது எங்கே போய் முடியும் என்று வேனில் இருந்த எங்கள் இருவருக்கும் தெரியும். யூசுப்பின் லோடில் பாதி இன்னும் பிரிக்காமல் கிடங்கில் கிடந்தது. அதில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என் கருவி.

"இருந்தா?" என்று கேட்டேன்.

சென்னியப்பன் ஹாரனை அழுத்தினார். முன்னால் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் விதிகளைச் சொன்னார். மில் காம்பவுண்டுக்கு வெளியே கருவி வரக்கூடாது. வெளிச்சம் இருக்கும்போது மட்டும். தன் ஏட்டு ஒருவர் கூட நிற்பார். அது எங்கே சத்தம் போட்டாலும் அவர்தான் முதலில் கைவைப்பார். சுவரோரப் பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செருப்பைக் கழற்றிவைத்து நேராக உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பாமலேயே வெளியே வந்ததில், அவர் யாரென்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு, காலை எட்டரை மணி.

ஜின்னிங் கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் கறுத்திருந்தது. கூரைத் தகரங்கள் சுருண்டு தொங்கின. கருகிய பஞ்சைக் கொட்டகைக்குப் பின்னால் மேடாகக் கொட்டியிருந்தார்கள். எட்டு நாள் கழித்தும் நனைந்த துணியைத் தீய்த்த வாசம் அதிலிருந்து வந்தது. கட்டிடத்துக்குள் இரும்பு அதிகம், கருவி குழம்பிவிடும். அதனால் பொதிகளை வெளியே மண்தரைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் படுக்கவைக்கச் சொன்னேன். தூக்குகிறவர்கள் உடம்பிலும் உலோகம் இருக்கக் கூடாது என்றேன். அரைஞாண், சாவி, தீப்பெட்டியோடு இருந்த தகரப் பொடிடப்பா எல்லாம் ஒரு கூடைக்குள் விழுந்தன.

"மெட்டியைக் கழட்டோணுமாங்க?" என்றாள் ருக்மணி. எந்திரத்துக்குப் பருத்தி கொடுக்கிறவள். தீயில் வலது முழங்கை வெந்து கட்டுப் போட்டிருந்தாள்.

"தள்ளி நின்னாப் போதும்."

"தாலியைக் கழட்டச் சொல்லாம உட்டீங்களே, அது வரைக்கும் செரி. தீப்புடிச்சப்ப உங்க மாப்பிள்ளை என்னையவே கழட்டி உட்டுப்போட்டு ஓடுனாரு."

சென்னியப்பன் கூடச் சிரித்தார். ஏட்டு யூசுப்பை அழைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

யூசுப் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்த பேனாவையும் சாவியையும் கூடைக்குள் போட்டார். "என்ற லோடை நானே தூக்கறனுங்க" என்றார். அவர் தூக்க ஆரம்பித்தார்.

ஒரு பொதியைப் படுக்கவைப்பார், விலகி நிற்பார். நான் தகட்டை மேலாக ஓட்டுவேன். கருவி சுவாசிப்பதுபோல மெல்ல முனகும், வேறெதுவும் சொல்லாது. புரட்டிவைப்பார். மறுபடி ஓட்டுவேன். நான் அந்தக் கருவியோடு எத்தனையோ மணல்வெளிகளில் நடந்திருக்கிறேன். அது சத்தம் போடவேண்டும் என்று ஏங்கித்தான் நடந்திருக்கிறேன். அன்றைக்கு, வாயை மூடிக்கொண்டிரு என்று அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பொதி, பதின்மூன்று பொதி. வெயில் ஏறியது. தேவகி சொம்பில் மோர் கொண்டுவந்தாள். சொம்பு பித்தளை என்று ஏட்டு அவளைத் துரத்தினார்.

அடுத்த பொதியின் அடிமூலையில் கருவி கூவியது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி கூவியது. தெளிவான, சின்ன, உருண்டையான சத்தம். ஆணி அப்படிச் சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாரும் யூசுப்பைப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். ஏட்டு தையலைப் பிரித்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தார். குங்குமம் அப்பிய ஒரு ரூபாய்க் காசு.

"அட, சாமி காசுங்க!" என்றாள் ருக்மணி.

"அதென்ன சாமி காசு?" ஏட்டு மதுரைப் பக்கத்துக்காரர்.

"காட்டுல மொதல்ல பறிக்கற மொத எடுப்புப் பருத்தியில, மொதப் பொதியில காசு முடிஞ்சு போடறது வழக்கமுங்க. வெள்ளாமை பொங்கோணும்னு. இது அன்னூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரன் எவனோ போட்டிருக்கான். இங்க வந்ததும் நாங்க கூடையில கொட்டறப்ப கையில தட்டுப்படும், எடுத்து எந்திரத்து மேல சாமி படத்துக்கிட்ட வெச்சுப்போடுவோம்."

ஏட்டு காசை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "அன்னைக்கு உங்க அத்தனை பேரையும் நிக்க வச்சுக் கேட்டேன்ல? பருத்திக்குள்ள ஆணி, கம்பி, இரும்பு ஏதாச்சும் வருமான்னு?"

"கேட்டீங்க. இரும்பு வராதுன்னோம். சாமி காசு வருமான்னு நீங்க கேக்கவே இல்லையேங்க?"

அவள் கேலி செய்யவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்திலும் அதே நேர்மையான வியப்பு. எட்டு நாளாக இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே யோசித்திருக்கிறார்கள். கம்பியை யோசித்தார்கள், கோணி ஊசியை யோசித்தார்கள், லாரி போல்ட்டை யோசித்தார்கள், ஒரு மனிதனின் பெயரை யோசித்தார்கள். தாங்களே வருடா வருடம் எடுத்துக் கும்பிடுகிற காசு உலோகம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இப்ப கையில தட்டுப்படாதா?" என்று கேட்டேன்.

ருக்மணி கொட்டகையைக் காட்டினாள். தீபாவளிக்குப் பிறகு போட்ட புதுக் குழாய், யானைத் துதிக்கை கனத்தில். பொதியைப் பிரித்து வாயில் காட்டினால் காற்றே பருத்தியை உறிஞ்சி எந்திரத்துக்குக் கொண்டுபோகிறது. கூடையும் இல்லை, கையும் இல்லை. இந்தக் குழாய் வந்த பிறகு இதுதான் முதல் எடுப்பு.

அப்போது யூசுப் பேசினார். குரல் உயரவே இல்லை. "அந்தச் சாம்பலையும் ஒருக்கா பார்த்துப்போடுங்க."

சென்னியப்பன் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

காலை பத்தரை மணி.

சாம்பல் மேட்டில் கருவி ஓயாமல் கத்தியது. கூரை ஆணி, தகரத் துண்டு, உருகிய ஒயர். ஏட்டு குச்சியால் கிளறி ஒவ்வொன்றாக எறிந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. பிறகு அந்த உருண்டையான சத்தம் மறுபடி வந்தது. ஏட்டு எடுத்துத் துடைத்தார். விளிம்பில் ஒரு வெட்டு; அதற்குள் மட்டும் பொன் நிறம் மின்னியது.

"இது நம்ம காசில்லையே." என்னிடம் நீட்டினார். "என்ன காசு சார் இது?"

கரியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். நெளிநெளியான கிரிஸ் கத்தி தெரிந்தது. எங்கள் நாட்டு ஒரு வெள்ளிக் காசு; அங்கே ரூபாய்போல வெள்ளி என்போம். பொன்போல இருக்கிறதே என்று, வருகிறபோதெல்லாம் தேவகிக்கு நான்தான் நாலைந்து கொடுத்துவிட்டுப் போவேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். தெரியாது என்று நான் சொன்னால் போதும். ஏதோ ஒரு காட்டுக்காரனின் காசாக அது போய்விடும். யூசுப் லோடில்தான் வந்தது என்று ஒரு பேச்சு மிச்சமிருக்கும். அந்தச் சிறிய பேச்சு போதும், இந்த வருடத்தில்.

"என்னோடது." தேவகி பின்னால் நின்றிருந்தாள். மோர்ச் சொம்பு இன்னும் கையில். "நம்ம காட்டுப் பருத்தி மொதப் பொதியில நான்தான் முடிஞ்சு போட்டேன். அன்னிக்குக் காலையில மொதல்ல ஓட்டினது அதுதான். லாரிப் பருத்தி அதுக்கப்புறம்." கணவனைப் பார்த்தாள். "மஞ்சத் துணி கிழிச்சுக் குடுத்தது நீங்க."

பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும், வெளியே தெரிய நேரமாகும் என்று ருக்மணி யாரிடமோ முணுமுணுத்தாள். சென்னியப்பன் கவிழ்த்துவைத்த கூடையின்மேல் உட்கார்ந்தார்.

"இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கமாட்டானுங்க, மச்சான். நாமளே வெச்சுக்கிட்டதுன்னு சொல்லிப்போடுவான்." என்னிடம் சொன்னாலும் அவர் கண் காசின்மேல் இருந்தது. எரிந்த சுவர், சுருண்ட தகரம், வங்கி, அடுத்த எடுப்பு எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்துபோயின. பிறகு எழுந்தார். "ஏட்டய்யா, ஸ்டேஷனுக்குப் போலாமுங்க. நான் எழுதிக் குடுக்கறேன்."

மாலை ஐந்து மணி.

இன்ஸ்பெக்டர் எழுதி வாங்கிக்கொண்டார், யூசுப்பிடம் "போப்பா" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் சென்னியப்பன் வேன் கதவைத் திறந்து பிடித்தார். யூசுப் ஏறவில்லை.

"ஸ்டேஷன்ல எழுதினது ஸ்டேஷனுக்குத் தெரியுமுங்க. மொதநாள் ஜீப்புல கூட்டிட்டு வந்தப்ப எங்க வீதியே பார்த்துச்சு. வீதிக்கு யாருங்க சொல்றது?"

உக்கடம் குளத்துத் தண்ணீர் சாயங்கால வெயிலில் கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போனால் அந்த வீதி. போன வருடம் குண்டு வெடித்த பிறகு சென்னியப்பன் இந்தப் பக்கம் வந்ததில்லை. வீதி முனையில் மணல்மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி. வேனை அங்கேயே நிறுத்தச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் பால் தூக்குடன் ஒரு பெண், டியூஷன் பையுடன் இரண்டு பிள்ளைகள், ஒரு தையல்காரர். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. போலீஸ்காரர் நெருங்குமுன்பே, பேச்சை நிறுத்தாமல், கைகளை இரு பக்கமும் விரித்து நின்றார்கள். கருவி மேலும் கீழும் போய்வந்ததும் கைகளை இறக்கிக்கொண்டு நடந்தார்கள். பிள்ளைகளும் அப்படியே. தங்கள் வீட்டுக்குப் போக.

சென்னியப்பன் முறை வந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் காத்திருந்தார்.

"கையை விரிச்சு நில்லுங்க," என்றார் யூசுப், அருகிலிருந்து. "இன்னும் கொஞ்சம். ஆங்."

டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். சென்னியப்பன் உட்காராமல் பேசினார். "காரமடைப் பக்கம் ஜின்னிங் மில் வெச்சிருக்கறவனுங்க நான். யூசுப் மேல தப்பில்லீங்க. தீப்புடிச்சது எங்க ஊட்டுக் காசுனால. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்." கல்லாவில் இருந்தவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டார். மூன்று டீ வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்கள். வசை கேட்கத் தயாராக வந்த மனிதருக்கு அந்த டீயைக் குடிப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கிளம்பும்போது, "வெள்ளிக்கெழமை அன்னூர்ல லோடு இருக்குது, யூசுப்" என்றார்.

"பார்க்கலாமுங்க ஐயா," என்றார் யூசுப். "பார்த்துப் போங்க ஐயா."

செவ்வாய், காலை பதினொரு மணி.

திரும்புகிறேன். ரயில் நிலையத்தில் பையைத் திறந்து காட்டியாகிவிட்டது. இந்த முறை கேள்விகள் குறைவு. சென்னையில் கருவி உடன் வருகிறதா என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். சென்னியப்பன் வழியனுப்ப வந்திருக்கிறார். நடைமேடையில் நிற்கும்போது யூசுப் வெள்ளிக்கிழமை வருவாரா என்று கேட்டேன். அந்தப் 'பார்க்கலாமுங்க' எனக்குப் பிடிபடவே இல்லை.

எங்கள் ஈப்போவில் கோபம் வந்தால் குரல் ஏறும். மேசையைத் தட்டுவோம், மூன்று மொழியில் திட்டுவோம், மறுநாள் அதே கடையில் பசியாறுவோம். யாரோடு முறிந்தது, யாரோடு முறியவில்லை என்பது தெருவுக்கே கேட்கும். நான்கு நாளில் இந்த ஊரில் ஒரு குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை. பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவரும் 'ங்க' போட்டார், உட்காரவைத்தவரும் 'ங்க' போட்டார்.

"வரமாட்டானுங்க, மச்சான்," என்றார் சென்னியப்பன். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். "இருவது வருசமா என்னைய அண்ணான்னுதான் கூப்புடுவான். போன வாரம், ஸ்டேஷன்ல உக்காந்திருந்தப்பக்கூட அண்ணான்னான். ஞாயித்துக்கெழமை அவன் வீதியில டீ குடுத்துட்டு ஐயாங்கறான்."

கம்பியிலிருந்து கையை எடுத்தார்.